விளிம்பில் இருக்கும் பெயர்

பழைய பிரிட்டிஷ் பதக்கம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது விளிம்பைத்தான். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருப்பார்கள். போன வாரம் நண்பர் ஒருவர் தன் சேகரிப்பிலிருந்து இரண்டு வெள்ளிப் பதக்கங்களை நீட்டினார். இரண்டிலும் ஒரே ஆள்: ட்ரூப்பர் (குதிரைப்படையின் சாதாரண வீரர்), இம்பீரியல் யோமன்ரி. லென்ஸை எடுத்தேன். அவ்வளவுதான், தேநீர் ஆறிப்போனது.

1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் ஸ்டோர்ம்பெர்க், மாகர்ஸ்ஃபான்டெய்ன், கொலென்சோ என்று தென்னாப்பிரிக்காவின் மூன்று இடங்களில், அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களிடம் பிரிட்டன் அடி வாங்கியது. குதிரையில் வந்து சுட்டுவிட்டு மறைகிறவர்களைக் காலாட்படை எப்படித் துரத்தும்? டிசம்பர் 24 அன்று அரச ஆணை வந்தது: குதிரை ஏறவும் சுடவும் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும், ஓராண்டுக்கு அல்லது போர் முடியும்வரை. அப்படித் திரட்டிய படைதான் இம்பீரியல் யோமன்ரி. நரி வேட்டையாடிக்கொண்டிருந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள்கூடச் சாதாரண வீரர்களாகச் சேர்ந்தார்கள்.

சிக்கலும் அங்கேதான். அன்று வீரச் செயலுக்கு அதிகாரி என்றால் டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்குயிஷ்ட் சர்வீஸ் ஆர்டர்); அதற்குக் கீழே இருப்பவர் என்றால் 1854 முதல் 1993 வரை இருந்த டி.சி.எம். (டிஸ்டிங்குயிஷ்ட் காண்டக்ட் மெடல்). என்ன செய்தார் என்பதைவிட என்ன பதவியில் இருந்தார் என்பதே பெரிதாக இருந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் மட்டும்தான் பதவி பார்க்கவில்லை. 1900 அக்டோபர் 20 அன்று ஸீரஸ்ட் அருகே, குதிரையை இழந்து தனியாக மாட்டிக்கொண்ட வீரரைக் குண்டு மழைக்குள் திரும்பிப் போய்த் தன் குதிரையில் ஏற்றி வந்த யோமன்ரி லெப்டினன்ட் டாக்ஸாட்டுக்கு அது கிடைத்தது. அவர் செய்தது எழுத்தில் இருக்கிறது. நண்பர் காட்டிய முதல் பதக்கமான, நம் ட்ரூப்பரின் டி.சி.எம்.மில் ‘களத்தில் சிறந்த நடத்தைக்காக’ என்ற பொதுவான வரிதான். அரசிதழ்ப் பட்டியல்களிலும் பெரும்பாலும் வெறும் பெயர்கள்தாம். யாரைக் காப்பாற்றினாரோ!

இரண்டாவது, ராணியின் தென்னாப்பிரிக்கப் பதக்கம். விளக்கடியில் சாய்த்தால் பின்புறம் 1899–1900 என்று மங்கலாகத் தெரிகிறது. அதற்குள் போர் முடிந்துவிடும் என்று முதலில் ஆண்டைப் போட்டுவிட்டு, முடியாததால் பிறகு அழித்தார்கள். போர் 1902 மே 31 வரை இழுத்தது.

இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. ராணுவத்தோடு போன குதிரைக்காரர், தண்ணீர் சுமந்தவர் போன்ற இந்தியர்களுக்குக் கொடுத்தது அது. அதில் ஒன்று அகப்பட்டால் காட்டச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன்.