அம்மாவின் கொப்பிகளும் என் ஆறு சொற்களும்

5 ஒக்டோபர் 2025, ஞாயிறு

மட்டக்களப்பு, கல்லடியில் இரவு முழுவதும் மழை. பதினொரு மணிக்கு மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா எழுந்து வந்தார். "என்ன மகள், எழுதுகிறாயா? கண்டதையெல்லாம் எழுதி வைக்காதே."

1990இல், போர்க்காலத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில், தன் நான்கு நாட்குறிப்புக் கொப்பிகளையும் அடுப்பில் போட்டவர் அவர். கல்யாண வீடுகள், வயல் கணக்கு, தங்கச்சி பேசிய முதல் சொல், இவ்வளவும்தான் அவற்றில் இருந்தனவாம். ஆனால் பெயர்களும் இருந்தன. அந்த நாட்களில் ஆளைக் கொண்டுபோகப் பெயர் போதும்.

7 ஒக்டோபர், செவ்வாய்

என் நாட்குறிப்புச் செயலி, எழுதியதை இந்தக் கணினியிலேயே பூட்டிய பிறகுதான் வெளியே அனுப்புகிறது. ஏ.இ.எஸ்-256 என்ற மறைகுறியாக்கம். பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் வடிவமைத்ததை அமெரிக்கா 2001இல் தரமாக ஏற்றது. அந்தப் பூட்டை யாரும் உடைக்க வேண்டியதில்லை. என் கடவுச்சொல்லை ஊகித்தாலே போதும்: பெயரும் பிறந்த ஆண்டும்!

தங்கச்சி மகனிடம் லூடோத் தாயக்கட்டையை வாங்கி முப்பது தடவை உருட்டினேன். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஐந்து உருட்டலில் விழும் எண்களுக்கு அதில் ஒரு சொல். ஆறு சொற்கள் கிடைத்தன, அவைதான் என் புதிய கடவுச்சொல். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை, அதுவே அவற்றின் பலம். மறந்துவிட்டால் செயலியை உருவாக்கியவர்களாலும் திறந்துதர முடியாது. ஒரு கடதாசியில் எழுதினேன். எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

12 ஒக்டோபர், ஞாயிறு

செயலியில் புதிதாக ஒரு பொத்தான். அழுத்தினால் செயற்கை நுண்ணறிவு அன்றைய பக்கத்தை வாசித்துக் கேள்வி கேட்கும். விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டேன். பூட்டிய எழுத்தை இயந்திரம் வாசிக்காது. வாசிக்க வேண்டுமென்றால், பூட்டைத் திறந்து, எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒரு கணினிக்கு, சேவையகத்துக்கு, அதை அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு அவர்களின் வாக்குறுதியை நம்புவதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை. அம்மாவின் மகளால் அது முடியாது.

அதனால் எழுத்தை வாசித்துப் பதில் சொல்லும் சிறிய செயற்கை நுண்ணறிவு, மொழி மாதிரி ஒன்றை, இந்தக் கணினியிலேயே இறக்கினேன். இரண்டரை கிகாபைட் அளவு. வைஃபையை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. மெதுவாகத்தான் பதில் சொல்கிறது, அதன் தமிழும் தடுக்குகிறது. 'மச்சாள்' என்பதை ஆண் என்று எடுத்துக்கொண்டது. இருந்தாலும் எழுத்து வீட்டை விட்டுப் போகவில்லை.

19 ஒக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. 5ஆம் திகதி எழுதிய பக்கத்தை அந்த மொழி மாதிரியிடம் கொடுத்தேன். 'அம்மாவின் கொப்பிகளில் இருந்த பெயர்கள் யாருடையவை?' என்று கேட்டது. உனக்கென்ன அதில் என்று கோபம் வந்தது. கணினியை மூடிவிட்டேன். முறுக்குச் சுட்டு முடியும் வரை அந்தக் கேள்வி கூடவே இருந்தது. முப்பத்தைந்து வருடங்களில் நான் அதை ஒரு தடவைகூட அம்மாவிடம் கேட்டதில்லை.

இரவு கேட்டேன். "இது எங்கேயும் போகாதா?" என்றார். வைஃபை அணைந்திருப்பதைக் காட்டினேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர்கள். நான்காவது பெயரில் நெடுநேரம் நின்றார்.

அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பூட்டிய நாட்குறிப்பின் உள்ளே, அம்மா சொன்ன வரிசையிலேயே இருக்கின்றன. ஆறு சொற்கள் எழுதிய கடதாசியை அவரே கேட்டு வாங்கி, அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.