விண்வெளி வட்டிக் கணக்கும் நட்டத்தில் ஓடும் நிறுவனங்களும்

அறிபுனைக் கதைகள் பொருளாதாரத்தைத் தொடும்போது, பணமே ஒழிந்துபோன வளமான எதிர்காலத்தையோ, கம்பெனிகளே அரசாங்கமாகிவிட்ட கொடுங்காலத்தையோதான் பெரும்பாலும் காட்டுகின்றன. இரண்டும் படிக்கச் சுவையானவை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நட்டத்திலேயே ஓடும் தொழில்நுட்ப நிறுவனங்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, கதையே அல்லாத ஒரு கட்டுரை. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் பால் க்ருக்மன், விண்மீன்களுக்கிடையே நடக்கும் வணிகத்தைப் பற்றி விளையாட்டாக ஒன்றை எழுதினார். அவர் நோபல் பரிசு பெற்ற பிறகு, 2010இல்தான் அது ஆய்விதழில் அச்சேறியது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் கலத்தில் காலம் மெதுவாக நகரும். கோளில் பல பத்தாண்டுகள் கழிந்திருக்க, கலத்தில் இருக்கும் வணிகருக்குச் சில ஆண்டுகளே ஆகியிருக்கும். அப்படியானால் சரக்கில் முடங்கிய பணத்துக்கான வட்டியை எந்தக் கடிகாரத்தின்படி கணக்கிடுவது? கோளின் கடிகாரத்தின்படிதான் என்பது அவருடைய முதல் தேற்றம். அந்த வணிகர் சரக்கு வாங்காமல் ஊரிலேயே கடன்பத்திரம் வாங்கி வைத்திருந்தால், அது ஊர்க் காலத்தின்படிதானே வளர்ந்திருக்கும்? பயணிக்கு எத்தனை வயது கூடியது என்பதைப் பற்றி வட்டிக்குக் கவலையில்லை.

நட்டத்தில் ஓடும் நிறுவனமும் ஏறத்தாழ அந்தக் கலம்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது எப்போதும் தொடக்க நிலையிலேயே இருக்கிறது. பணம் போட்டவருக்கோ வெளியில் ஆண்டுகள் ஓடுகின்றன. இருபது ஆண்டு கழித்து வரப்போகும் 100 கோடி டாலர் லாபத்தின் இன்றைய மதிப்பு, அதாவது இன்று வட்டிக்குப் போட்டால் அப்போது அந்தத் தொகையாக வளரும் பணம், 3 விழுக்காட்டு வட்டியில் 55 கோடி; 8 விழுக்காட்டில் வெறும் 21 கோடி. நிறுவனத்தில் எதுவுமே மாறவில்லை. வட்டி ஐந்து புள்ளி ஏறியதில் மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்தை ஒட்டி வைத்திருந்த ஆண்டுகளில் தொலைதூர லாபங்களுக்கு அத்தனை மவுசு இருந்ததும், 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனபோது அந்த மவுசு குறைந்ததும் இந்தக் கணக்கால்தான். தொலைநோக்குப் பார்வை, உலகை மாற்றும் கனவு என்றெல்லாம் பேசியவர்கள் வட்டி வீதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஊபரை எடுத்துக்கொள்ளலாம். 2009இல் தொடங்கிய அந்நிறுவனம் 2019 மே மாதம் பங்கு ஒன்றுக்கு 45 டாலர் என்று சந்தைக்கு வந்தது. லாபம் ஈட்டாமலே போகலாம் என்று தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் அதுவே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டு நட்டம் 850 கோடி டாலர். 2022 முடிவில் அதன் மொத்தத் திரண்ட நட்டம் 3,200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2023இல்தான் முதன்முறையாக முழு ஆண்டுக்கு இயக்க லாபம் (வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் நின்ற லாபம்), ஏறத்தாழ 110 கோடி டாலர், கிடைத்தது. அந்த ஆண்டு இறுதியில் பங்கு விலை 61 டாலரை ஒட்டி இருந்ததால், பொறுமைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். கோளின் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்: 45 டாலர் 8 விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் அதே நாலரை ஆண்டுகளில் 64 டாலராகியிருக்கும். வெற்றி என்று கொண்டாடப்பட்டது, வட்டியைக் கூட முழுதாக எட்டவில்லை.

அமேசானும் நட்டத்தில்தானே இருந்தது என்று இங்கே ஒருவர் கேட்பார். எப்போதும் ஒருவர் கேட்பார். இருந்தது. ஆனால் 2002 முடிவில் அதன் திரண்ட நட்டம் சுமார் 300 கோடி டாலர்தான்; மறு ஆண்டே முழு ஆண்டு லாபம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் பணத்தை உடனே கட்டிவிடுவார், புத்தகம் கொடுத்தவருக்கோ வாரக்கணக்கில் கழித்துத்தான் பணம் போகும் என்பதால், வளர வளர அதன் கையில் ரொக்கம் சேர்ந்தது. அதைக் காட்டி எல்லா நட்டத்தையும் நியாயப்படுத்துவது பொருந்தாது.

கடனின் பொருளாதாரத்தை நேரடியாகக் கதையாக்கியவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். 2013இல் வெளிவந்த அவருடைய 'நெப்டியூன்ஸ் ப்ரூட்' நாவலில், ஒரு விண்மீன் குடியேற்றம் பிறக்கும்போதே தன்னை நிறுவியவர்களுக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறது. அதை அடைக்க அது செய்யும் காரியம், மேலும் புதிய குடியேற்றங்களை அனுப்பி அவற்றைத் தனக்குக் கடனாளியாக்குவது. புது நிறுவனங்களில் சுற்றுச் சுற்றாகப் பணம் போடுவதும், முந்தைய சுற்றில் போட்டவருக்கு அடுத்த சுற்றில் வருபவர் நிறுவனத்துக்குத் தரும் மதிப்பீடே லாபமாகத் தெரிவதுமான துணிகர முதலீட்டு ஏற்பாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறு கதையை நான் படித்ததில்லை.

ஆனால் நாவலில் கடன் நூற்றாண்டுகள் காத்திருக்கும். வீவொர்க்குக்கு அந்த வசதி இல்லை. கட்டடங்களை நீண்ட குத்தகைக்கு எடுத்து மேசை மேசையாக மாத வாடகைக்கு விடுவதுதான் அதன் தொழில். 2017இல் அதன் நட்டம் 93 கோடி டாலர். கடன்பத்திரம் விற்கப் போனபோது, வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றோடு விளம்பரம், நிர்வாகம், வடிவமைப்புச் செலவுகளையும் கழிக்காமல் விட்டு ஒரு புது அளவுகோலை உருவாக்கி, அதே ஆண்டுக்கு 23 கோடி டாலர் உபரி காட்டினார்கள். அறிபுனை என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் முழுத் தகுதி உடையது. 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட அந்நிறுவனத்தின் எதிர்காலக் குத்தகைப் பொறுப்பும், அவ்வாண்டு வெளியான ஆவணத்தின்படி, ஏறத்தாழ அதே தொகைதான். புதிய சுற்றில் வருவோர் நின்றுபோனாலும் கட்டட உரிமையாளர்களுக்கு வாடகை தந்தாக வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. குத்தகைகளில் பலவற்றை உதறியும் மற்றவற்றின் வாடகையைக் குறைத்தும் அடுத்த ஆண்டு வெளியே வந்தபோது, பழைய பங்குதாரர்களின் கையில் எதுவும் மிஞ்சவில்லை.