காற்று தருகிற சார்ஜ் எந்த பேட்டரிக்குப் போக வேண்டும்?

எங்கள் பாய்மரப் படகு கிடப்பது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் உள்கோடியில், போர்ட்செஸ்டர் கோட்டை தெரிகிற இடத்தில், ஒரு மிதவையில். கரை மின்சாரம் கிடையாது. டிசம்பரில் எட்டு மணிக்கு எழும் சூரியன் நாலு மணிக்கெல்லாம் இறங்கிவிடும், பாதி நாள் மேகம் வேறு, சோலார் பலகை அந்த மாதங்களில் ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. அதனால் பின்பக்கக் கம்பத்தில் ஒரு சின்ன காற்றாடி ஜெனரேட்டர். உள்ளே செல்ஃப் மோட்டாருக்கென்று 70 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, விளக்கு, ஃப்ரிட்ஜ், ரேடியோவுக்கு 110 வீதம் இரண்டு. இந்த இரண்டையும் வீட்டு பேட்டரி என்போம். எல்லாம் லெட் ஆசிட்.

ஒரே காற்றாடி, இரண்டு தொகுதி. எப்படிப் பங்கு வைப்பது?

படகை வாங்கும்போதே டையோடு பிரிப்பான் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு பேட்டரியின் சார்ஜ் இன்னொன்றுக்கு ஓடாமல் தடுக்கும், வேறு தொல்லை தராது என்று அப்படியே விட்டேன். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் வீட்டு பேட்டரி இரண்டிலும் உள்தகடுகளில், சார்ஜ் நிறையாமல் கிடந்தால் வரும் சல்பேட் உப்பு படிந்து, ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடினால் காலையில் விளக்கு மங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டையோடுக்கு முன்னால் 14.3, பின்னால் 13.6. அதன் அலுமினிய விளிம்பில் கை வைத்தால் வெதுவெதுப்பு. 0.7 வோல்ட் அங்கேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ டையோடுக்கு முன்னால் வோல்டேஜைப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று மிச்ச சார்ஜைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி நிறையவே இல்லை.

அதைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் பார்த்துத் தானாக இயங்கும் சுவிட்ச், அதாவது ரிலே ஒன்று வாங்கினேன், 13.3 வோல்ட்டில் இரண்டு தொகுதியையும் சேர்க்கும், 12.8-இல் பிரிக்கும். அதோடு வந்த வரைபடத்தில் சார்ஜ் முதலில் செல்ஃப் பேட்டரிக்கு என்று இருந்தது, நானும் காற்றாடி வயரை அங்கேயே கொடுத்தேன். அன்று ராத்திரி முழுக்க டக், டக் என்று சத்தம். ஒரு வீச்சு காற்று அடித்தால் சின்ன பேட்டரியில் வோல்டேஜ் சட்டென்று ஏறும், ரிலே சேர்க்கும், காலியாகக் கிடக்கும் வீட்டு பேட்டரி அதைக் கீழே இழுக்கும், ரிலே பிரிக்கும். அந்த வரைபடம் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டருக்காகப் போட்டது. அது 50 ஆம்ப்ஸ் தள்ளும், இழுப்பைத் தாங்கும். என் காற்றாடி 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) காற்றிலேயே 7 ஆம்ப்ஸ்தான், 10 நாட்டில் 2 வந்தாலே பெரிது. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிவிடும். எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்ப்ஸ், மூன்று நொடி. மொத்தம் 0.13 ஆம்பியர்-மணி கூட ஆகாது. ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் முப்பது நாற்பது குடித்துவிடும். பசி எங்கே இருக்கிறதோ அங்கேதானே சோறு போட வேண்டும்! காற்றாடியின் வயர் ரெகுலேட்டர் வழியாக நேராக வீட்டு பேட்டரிக்கு, நடுவில் டையோடு எதுவும் வேண்டாம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இரண்டு பக்கமும் வோல்டேஜ் பார்க்கும் ரிலே ஒன்றை மாட்டினால், வீட்டு பேட்டரி நிறைந்து வழிவது செல்ஃப் பேட்டரிக்குப் போகும், ஆல்டர்நேட்டர் ஓடும்போது எதிர்ப்பக்கம் வரும். இப்போது என் படகில் இருப்பது இதுதான். மூன்று வாரம் கழித்துப் போனாலும் இரண்டு தொகுதியும் நிறைந்தே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். சோலார் பலகையை பேட்டரியிலிருந்து கழற்றினால் அது சும்மா இருக்கும், காற்றாடி சும்மா இருக்காது. சுமை போனதும் வெறிபிடித்த மாதிரி சுற்றும், 12 வோல்ட் எந்திரத்தில் அதைப்போலப் பல மடங்கு வோல்டேஜ் ஏறும், ரெகுலேட்டர் புகைந்தால் கூட ஆச்சரியமில்லை. அதனால்தான் பேட்டரி நிறைந்த பிறகு வருவதை எரிக்க ஒரு தனி ரெசிஸ்டர் வேண்டும், அதைத் துணியும் கயிறும் இல்லாத இடத்தில் மாட்ட வேண்டும், நன்றாகவே சூடேறும். ஒன்று, இரண்டு, இரண்டும், அணை என்று திருப்பி பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் பழைய சுவிட்ச் வழியாகக் காற்றாடியை இணைப்பதும் இதனால்தான் ஆகாது, யாராவது அணைத்துவிட்டால் போச்சு. லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் பாதுகாப்புச் சுற்று எந்த நேரமும் பேட்டரியைத் தானாகவே துண்டித்துவிடலாம்.

வேலை செய்வதற்கு முன் காற்றாடியின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் நிறுத்து சுவிட்சைப் போட வேண்டும், காற்று தணிந்த நேரமாகப் பார்த்து. இறகு நின்றதும் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். நான் இல்லாதபோது மச்சானும் படகை எடுப்பார், அதனால் அந்த சுவிட்சின் மேல் சிவப்பு டேப் ஒட்டிக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் இது, அப்புறம் வயர்.