ஸ்கைரிம் கஷ்டமாவும் இருக்கணும், மத்த மாட் (mod) கூட சண்டையும் போடக்கூடாது

ஸ்கைரிம் கேம்ல லெஜண்டரிங்கிற உச்சக்கட்ட டிஃபிகல்ட்டி வச்சு ஆடினவங்களுக்குத் தெரியும், அது கஷ்டம் இல்ல, இழுவை. நாம குடுக்குற அடி கால்வாசி ஆயிடும், நமக்கு விழுற அடி மூணு மடங்கு, அவ்ளோதான் மேட்டர். எதிரிக்கு புத்தி ஒண்ணும் கூடாது, ஒரே ட்ராகரை (கல்லறையில எழுந்து வர்ற பிணம்) வெட்டிட்டே இருக்கோம் வெட்டிட்டே இருக்கோம். அதனாலதான் ஆளாளுக்கு டிஃபிகல்ட்டி மாட், அதாவது கேமோட கஷ்டத்தை மாத்துற மாற்றம், நாமளே பண்ணக் கிளம்புறோம்.

கிரியேஷன் கிட்ங்கிற மாட் பண்ற டூலைத் திறந்து கேம்ல வர்ற ஒவ்வொரு ஆளா எடுத்து ஹெல்த் ஏத்தி பெர்க்குங்கிற தனித்திறமை குடுத்து செதுக்கலாம், நம்ம கம்ப்யூட்டர்ல சூப்பராத்தான் ஓடும். ஆனா ஒரே ஆளோட ரெக்கார்டை, அதாவது அவன் விவரமெல்லாம் இருக்கிற பதிவை, ரெண்டு மாட் தொட்டா கடைசியா லோட் ஆகுறதுதான் செல்லும், ஹெல்த் உன்னுது மூஞ்சி என்னுதுன்னு பங்கு பிரிக்கிற வேலையெல்லாம் எஞ்சின்கிட்ட கிடையாது. எவனோ மூஞ்சியை அழகாக்குற மாட் போட்டிருப்பான், அதுக்கு மேல நம்மளுது ஏறினா ரெக்கார்டு ஒண்ணு சொல்லும் மூஞ்சி ஃபைல் வேற சொல்லும், அந்த ஆளு கரி பூசின மாதிரி நிப்பான். திட்டு நமக்குத்தான் விழும். மாட் மோதலைக் காட்டுற எஸ்எஸ்இ எடிட் டூல்ல போய்ப் பார்த்தா செவப்பு செவப்பா கிடக்கும்.

என்னைக் கேட்டா ஆளுங்க ரெக்கார்டைத் தொடவே தொடாதீங்க. எஸ்பிஐடின்னு (Spell Perk Item Distributor) ஒரு பிளகின் இருக்கு, ஐஎன்ஐங்கிற ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல யாருக்கு என்ன பெர்க்னு எழுதி வச்சா கேம் ஓடும்போதே குடுத்துடும், வேற மாட் சேர்த்த புது பேண்டிட்டுக்கும் சேர்த்தே போய்டும். என்ன, இவனுக்கு இவ்ளோன்னு கையால அளந்து வைக்கிற அந்த நுணுக்கம் கொஞ்சம் போகும், போகட்டும். இன்னொரு தொல்லை, இது எஸ்கேஎஸ்இ (கேமோட ஸ்கிரிப்ட் திறனைக் கூட்டுற டூல்) மேல நிக்குது, 2021 நவம்பர்ல ஆனிவர்சரி அப்டேட் வந்தப்போ இந்த மாதிரி பிளகின் எல்லாம் மொத்தமா படுத்துச்சு, அதுக்குப் பயந்து 1.5.97ங்கிற பழைய கேம் வெர்ஷன்லயே உக்காந்துட்டவங்க எக்கச்சக்கம்.

ரெக்வியம்ங்கிற பெரிய மாட் நேரெதிர் ரூட். உலகத்தையே மாத்தி எழுதிடுவாங்க, நம்ம லெவலுக்கு ஏத்த மாதிரி எதிரி ஏறவும் மாட்டான் இறங்கவும் மாட்டான், கூட என்ன மாட் போட்டாலும் ரெண்டையும் ஒத்துப்போக வைக்கிற பேட்ச் இருக்கான்னு முதல்ல தேடணும். அவ்ளோ ஆளும் பொறுமையும் இருந்தா பண்ணலாம், தனியா ஞாயித்துக்கிழமை மாட் பண்றவனுக்கு அது ஆகாது.

டிராகன் பிரீஸ்ட் மாதிரி பேர் வச்ச பாஸுங்களை மட்டும் கையால செதுக்க ஆசையா இருந்தா, அதைத் தனி மாட் ஃபைலா குடுத்துடுங்க, மோதுச்சுன்னா மாட் லிஸ்ட்ல அதோட டிக்கை எடுத்துட்டு ஆடிக்குவாங்க.