சிரிஞ்ச், ஆர்.ஓ. பம்ப், லங்காஸ்டர் விமானத்தின் வால் கூண்டு: இதுவரை செய்தது

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர். அதன் வால் நுனியில் இருந்த எஃப்.என்.20 துப்பாக்கிக் கூண்டு எப்படித் திரும்பியது என்பதைச் செய்து பார்த்துப் புரிந்துகொள்வதுதான் இந்த வேலை. நான்கு .303 பிரவுனிங் துப்பாக்கிகளின் இடத்தில் நான்கு மரக்குச்சிகள். கூண்டு இடவலமாகத் திரும்ப வேண்டும், குச்சிகள் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து ஓட்டினேன். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் குச்சிகள் நடுங்கும். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் மூழ்கடித்து நிரப்பினால் அது போய்விடுகிறது. ஆனால் இதில் இங்கே 2 செ.மீ. அழுத்தினால் அங்கே 2 செ.மீ. நகரும். நிஜக் கூண்டு அப்படி இல்லை. கைப்பிடி அங்கே இடத்தை அல்ல, வேகத்தைத் தீர்மானித்தது. கொஞ்சம் திருப்பினால் கூண்டு மெல்ல ஊரும், நன்றாகத் திருப்பினால் வேகமாகச் சுழலும், நடுவுக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடும். காரின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி. இருட்டில் வளைந்து வளைந்து வரும் எதிரி விமானத்தை விடாமல் பின்தொடர இதுதான் வசதி. அது நகரும் வேகத்துக்குக் கூண்டின் வேகத்தைப் பொருத்திவிட்டால், அப்புறம் சின்னச் சின்னத் திருத்தம் போதும்.

அதற்கு பம்ப் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் வால்வும் வேண்டும். பழைய ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரத்தின் பம்ப் கிடைத்தது. வால்வுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று வழி ஸ்டாப்காக், அதாவது டிரிப் ஏற்றும்போது குழாயில் மாட்டுவார்களே, அது. குமிழை இரண்டு வழிகளுக்கு நடுவே 45 டிகிரியில் நிறுத்தினால் எல்லாம் அடைபடும். அங்கிருந்து ஒரு பக்கம் திருப்பினால் பம்பின் தண்ணீர் சிரிஞ்சுக்குள் போகும், மறுபக்கம் திருப்பினால் சிரிஞ்சிலிருந்து தொட்டிக்குத் திரும்பும். ஒன்று தள்ளும்போது மற்றது வெளியேற்றும்படி இரண்டு ஸ்டாப்காக்குகளை ஒரே கைப்பிடியில் கட்டினேன். எல்லாம் அடைபட்டிருக்கும்போது பம்ப் திணறக்கூடாது என்பதால், தொட்டிக்கே நேராகத் திரும்பும் குழாய் ஒன்றும் உண்டு. இப்போது கைப்பிடியை மயிரிழை அசைத்தால் கூண்டு நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாகத் திரும்புகிறது. இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. எஃப்.என். (ஃப்ரேசர்-நாஷ்) வகைக் கூண்டுகளில் துப்பாக்கிகளை ஏற்றி இறக்கத்தான் பிஸ்டன். கூண்டைத் திருப்பியது எண்ணெயில் ஓடும் ஒரு ஹைட்ராலிக் மோட்டார். என்னிடம் அப்படி மோட்டார் இல்லாததால், பல் வைத்த பட்டையின் இரு முனையிலும் சிரிஞ்ச் வைத்துத் திருப்புகிறேன். வால் கூண்டு நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 90 டிகிரிதான் திரும்பும், அதற்கு இது தாங்குகிறது.

இனி பம்ப் நின்றுபோனால் என்ன ஆகும்? லங்காஸ்டரின் கூண்டுகளுக்கு எண்ணெய் அழுத்தம் இன்ஜின்களோடு இணைந்த பம்புகளிலிருந்து வந்தது. ஒவ்வொரு கூண்டுக்கும் தனி பம்ப், அதுவும் வெவ்வேறு இன்ஜினில். அந்த இன்ஜின் செத்தால் அந்தக் கூண்டும் செத்தது. ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் இருந்த, போல்ட்டன் பால் நிறுவனத்தின் கூண்டுகளில் மின்மோட்டாரும் பம்பும் கூண்டுக்குள்ளேயே இருந்தன. நீண்ட எண்ணெய்க் குழாய் தேவையில்லை, மின்கம்பி போதும். எனக்கு அந்த வடிவமைப்புதான் மேல் என்று தோன்றுகிறது.

காரணம் துப்பாக்கி மட்டுமல்ல. வால் கூண்டு வீரர் விமானத்துக்குள் திரும்பிவர வேண்டுமானால் கூண்டு நேராகப் பின்னோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள கதவு உடற்பகுதியோடு சேரும். இடம் போதாமல் பல நேரம் அவருடைய பாராசூட் கதவுக்கு அப்பால் தொங்கியது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக வெளியே விழுவது தப்பிக்கும் ஒரு வழி. எரியும் விமானத்தில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்றால், கையால் சுழற்றும் பிடி ஒன்றுதான் மிச்சம்.

கையால் சுழற்றும் அந்தப் பிடியையும் மாதிரியில் சேர்த்துவிட்டேன். பம்பை நிறுத்தினால் சிரிஞ்சுகளில் தண்ணீர் பூட்டிக்கொண்டு கூண்டு அசைய மறுத்தது, அதனால் இரண்டு சிரிஞ்சுகளையும் நேரடியாக இணைக்கும் ஒரு குறுக்கு வழி வைத்தேன். அதைத் திறந்தபின் கையால் திருப்ப முடிகிறது. பம்ப் ஓடும்போது இருக்கும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அடுத்தது முதுகுக் கூண்டு, அதாவது விமானத்தின் மேற்புறத்தில் இருந்த துப்பாக்கிக் கூண்டு. அது முழு வட்டமும் சுற்றும், ஆகவே குழாய்கள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் சுழலும் இணைப்பு தேவை. சொந்த வாலையே சுடாமல் இருக்க, கூண்டைச் சுற்றி மேடு பள்ளமாக ஒரு தடம் வைத்து, தடை செய்த திசைகளில் துப்பாக்கிகள் இறங்காதபடி செய்திருந்தார்கள். அந்தத் தடத்தை பிளைவுட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், இனி அறுக்க வேண்டும்.