நைட்ரஸுக்குத் தனி பெட்ரோல் லைன்: ரெகுலேட்டர் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

நைட்ரஸ் என்பது இன்ஜினுக்குள் பாய்ச்சிக் கூடுதல் சக்தி எடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கேஸ்; அதோடு போகிற பெட்ரோலின் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் வைப்பதுதான் ரெகுலேட்டர். "எல்லா வண்டிக்கும் இதுதான் சார், திருகினா தானா குறையும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். குறையாது. சென்னையில் வாங்கிய ரெகுலேட்டரை ராமநாதபுரம் கொண்டுவந்து மாட்டி, பம்பை ஓட்டிப் பார்த்தால் கேஜ் முள் 30-ஐ விட்டு இறங்கவே இல்லை. எனக்கு வேண்டியது 6 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). கடையில் கொடுத்தது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான சாமான், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே வேறு. கார்புரேட்டர் வண்டிக்கானதுதான் 4 முதல் 9 பிஎஸ்ஐ வரை நிற்கும். இதை நான் கேட்டுத்தான் வாங்கினேன், எண்ணைச் சீட்டில் எழுதியும் கொடுத்தேன். திரும்பக் கொண்டுபோனால், "பெட்ரோல் பட்டுடுச்சு, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று ஒரே வார்த்தை. அரை நாள் நின்று சண்டை போட்டதில் பாதிக் காசைக் கழித்துக்கொண்டு சரியானதைக் கொடுத்தார்கள்.

வண்டி பழைய எஸ்டீம், 50 குதிரைத்திறனுக்கான வெட் கிட் (கேஸோடு பெட்ரோலும் சேர்ந்து போகும் வகை). கம்பெனி லைனிலிருந்தே நைட்ரஸுக்கும் பெட்ரோல் எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பம்பு இன்ஜினுக்குப் போடுகிற அளவுக்குத்தான் கணக்குப் பண்ணியது. பட்டனை அமுக்கிய நேரத்தில் அழுத்தம் விழுந்தால் கேஸ் மட்டும் உள்ளே போகும், லீன் ஆகும் (கேஸுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது), பிஸ்டன் உருகும். அதனால்தான் தனி டேங்க், தனி பம்பு, தனி ரெகுலேட்டர். டேங்க் பெரிதாக வேண்டியதில்லை. 50 ஷாட்டுக்கு (50 குதிரைத்திறன் கூட்டுகிற அளவு) பத்து வினாடியில் போவது 40, 50 மில்லிதான். 4 லிட்டர் டேங்க் ஒரு நாள் ஓட்டத்துக்கு மிச்சம். மதுரையில் அலுமினியத் தகட்டில் ஆர்கான் வெல்டிங் வைத்துச் செய்துகொண்டேன், அதில் ஒரு தொந்தரவும் இல்லை. உறிஞ்சும் குழாய் மட்டும் டேங்கின் பின்பக்கம் இருக்கட்டும், வண்டி சீறும்போது பெட்ரோல் பின்னால்தான் ஓடும்.

சரியான ரெகுலேட்டர் வந்த பிறகும் வேலை முடியவில்லை. பம்பு ஓட, சொலினாய்டு (மின்சார வால்வு) மூடியிருக்க, கேஜ் அழகாக 6 காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நைட்ரஸ் பாட்டில் வால்வை இறுக மூடிவிட்டு, நாசில் முனையில் லைனைக் கழற்றி, ஓடப்போகிற அதே ஜெட்டை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) போட்டு, ஒரு கேனுக்குள் பெட்ரோலைப் பாயவிட்டுப் பாருங்கள் (பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு, வெட்டவெளியில்). எனக்கு முள் 3-க்கு விழுந்தது. பம்புக்கு முன்னால் இருந்த மலிவு ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது. அதை மாற்றி, பெட்ரோல் பாயும்போதே 6 நிற்கும்படி திருகி வைத்தேன். பாயும்போது நிற்கிற எண்தான் எண். கூடவே பிரஷர் சுவிட்ச் ஒன்று போட்டு, 5-க்குக் கீழே போனால் இரண்டு சொலினாய்டும் சேர்ந்து அணைகிற மாதிரி ரிலேயில் கட்டிவிட்டேன். இதைப் போடாமல் நைட்ரஸ் பக்கமே போகாதீர்கள்.

அந்த ஃபில்டர் விஷயத்தில் என்னைக் காப்பாற்றியவர் பாம்பனில் அவுட்போர்டு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர். நைட்ரஸ் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது, ஆனால் பெட்ரோலில் தண்ணீர் என்றால் தெரியும். "தம்பி, இந்தக் காத்துல ரப்பர் ஹோஸும் சாதா ஒயரும் நிக்காது" என்று சொல்லி, படகுக்குப் போடுகிற தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் ஈயம் பூசிய செம்பு ஒயரையும் எடுத்துக் கொடுத்தார். சாதா ஒயர் போட்டிருந்த ரிலே முனை அதற்குள் பச்சை பூத்துவிட்டது, கையால் இழுத்தால் வருகிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், மலிவு ரப்பரை ஊறவைக்கும். உள்ளே டெஃப்லான் உள்ள ஹோஸ்தான் போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் தனி டேங்கை வடித்துவிடுங்கள். பாதி டேங்க்கோடு கடலோரத்தில் மாதக்கணக்கில் விட்டால் அடியில் தண்ணீர் சேரும், குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

கிட்டோடு பாட்டில் ஹீட்டர் ஒன்று தலையில் கட்டினார்கள். இந்த ஊரில் ஹீட்டர்! நைட்ரஸ் 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது. சித்திரை வெயிலில் மூடிய டிக்கி எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டில் 900 முதல் 1000 பிஎஸ்ஐக்குள் இருந்தால்தான் ஜெட் கணக்கு சரியாக வரும். சூடேறி அழுத்தம் கூடினால் கேஸ் அதிகம் போகும், பெட்ரோல் அதே 6-இல் நிற்கும், மறுபடி லீன். நான் நனைத்த சாக்கைப் போர்த்தி, கேஜைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். பாட்டிலின் சேஃப்டி டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் உடைந்து கேஸை விடுவது) குழாயைக் கட்டாயம் வெளியே விடுங்கள், டேங்க் வெண்ட்டையும்தான் (ஆவி போகும் குழாய்). டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே தகடு அடைப்பு இல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அரிச்சல்முனை ரோடு நேராகத்தானே கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அங்கே டூரிஸ்ட் வேனும் மணலும்தான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் இறக்கவும் கூடாது. என் வண்டி டிரெய்லரில் ஏறி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குத்தான் போனது.

தனி டேங்குக்கு வேண்டிய 100 ஆக்டேன் பெட்ரோல் (இன்ஜினில் எளிதில் தட்டாத ரகம்) நான் விசாரித்த பங்க் எதிலும் நம் பக்கம் இல்லை, சென்னையில்தான் கிடைத்தது. அங்கே பங்க்காரத் தம்பி கேனில் ஊற்ற மாட்டேன் என்றார், அது நியாயம். டிரெய்லரில் நிற்கிற வண்டியின் டிக்கிக்குள் இருக்கும் டேங்கிலும் ஊற்ற மாட்டேன் என்றதுதான் தலைவலி. கடைசியில் வண்டியை இறக்கி, மெயின் டேங்கை முன்னரே காலி செய்து வைத்திருந்ததால் அதில் போட்டு, டிராக்கில் வைத்து உறிஞ்சித் தனி டேங்குக்கு மாற்றினோம். நீங்களும் ஊரிலிருந்து கிளம்பும்போதே மெயின் டேங்கை வடித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் பிரஷர் முள் 6-ஐ விட்டு அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், நுனியில் உருகின அடையாளம் எதுவும் இல்லை. அடுத்து 75 ஜெட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ரெகுலேட்டரை மறுபடி பாயவிட்டுப் பார்க்காமல் அதைப் போடப் போவதில்லை.