கிராம சபைக் குரலைப் பாட்காஸ்ட் ஆக்க நினைப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள். மக்கள் கொட்டித் தீர்ப்பது தீர்மானப் புத்தகத்தில் பெரும்பாலும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் குரலையே பதிவு செய்யுங்கள்.

கூட்டத்துக்குள் வேண்டாம், ஒலிபெருக்கி இரைச்சலில் பேச்சு கரைந்துபோகும். கூட்டம் முடிந்ததும் பேசியவரை மின்விசிறி ஓடாத இடத்துக்கு அழைத்துப் போங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. தாலிச் சங்கிலியோ புடவைத் தலைப்போ உரசினால் கரகரக்கும்.

"தண்ணி வரலை" என்பதோடு விடாதீர்கள். எந்தத் தெரு, எந்தக் குழாய், எப்போதிலிருந்து? அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாதது இந்த விவரத்தைத்தான்.

5 நிமிடப் பதிவு, மோனோ (ஒற்றைத் தட ஒலி), 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) என்றால் சுமார் 2.4 எம்பி, வாட்ஸப்பில் சுலபமாகப் போகும். பெயரை மறைத்தாலும் சின்ன ஊரில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எடிட் செய்ததை அவருக்கே போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கியபிறகு வெளியிடுங்கள்.